கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர்க் கிணறு

பெங்களூரில் ஏப்ரல் வந்துவிட்டால் அல்சூர், ராமமூர்த்தி நகர் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இரண்டு பேச்சு ஓடும். டேங்கர் எப்போது வரும்? பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, எங்கே போகலாம்? இப்போதெல்லாம் லட்சத்தீவும் மாலத்தீவும் அந்தப் பட்டியலில் தவறாமல் இடம்பிடிக்கின்றன. போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லட்சத்தீவில் ஆறு கிடையாது, மலை கிடையாது. ஆனாலும் 10 தீவுகளில் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். எந்தத் தண்ணீரைக் குடித்து?

கிணற்றுத் தண்ணீரைத்தான். தென்னந்தோப்புக்குள் ஓர் ஆள் ஆழம் தோண்டினாலே நல்ல தண்ணீர் தட்டுப்படும். தனுஷ்கோடிக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் கடலோர மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணீர் எடுப்பார்கள்.

லட்சத்தீவில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பவள மணல் அதை உடனே உள்ளே இழுத்துக்கொள்ளும். மணலுக்கு அடியில் ஏற்கெனவே கடல்நீர் நிறைந்திருக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ என்றால், ஒரு லிட்டர் கடல்நீர் 25 கிராம் கூடுதல். ஆகவே மழைநீர், பனிக்கட்டி தண்ணீரில் மிதப்பதுபோல, பெரும்பகுதி அமிழ்ந்து கொஞ்சம் மட்டும் மேலே தெரியும்படி கடல்நீரின் மேல் மிதக்கும்.

எவ்வளவு அமிழும் என்பதற்குக் கணக்கு எளிது. 40 மீட்டர் உயரக் கடல்நீரும் 41 மீட்டர் உயர நல்ல தண்ணீரும் ஒரே எடை. அதாவது நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் இருந்தால், கீழே 40 சாண் நல்ல தண்ணீர் இருக்கும். நெதர்லாந்தின் கைபன் 1888-இலும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901-இலும் தனித்தனியே கண்டுசொன்ன கணக்கு இது. தீவின் நடுவே தடித்து, கரையோரம் மெலிந்து, ஒரு லென்ஸ் வடிவில் தண்ணீர் தேங்கி நிற்கும்.

இரண்டும் கலந்துவிடாதா? கலக்கும், ஆனால் மெதுவாக. மணல் இடுக்குகளில் தண்ணீர் வேகமாக ஓட முடியாது. கடல் ஏறி இறங்கும்போது கிணற்று நீர்மட்டமும் சற்றுப் பிந்தி ஏறி இறங்கும். நேரம் இருந்தால் ஒரு கிணற்றடியில் நின்று பாருங்கள், அருமையான காட்சி. இந்த அசைவால் நடுவில் உவர்ப்பான ஓர் அடுக்கு உண்டாகிறது. பல பவளத் தீவுகளில் மணலுக்குக் கீழே ஓட்டைகள் நிறைந்த பழைய சுண்ணாம்புப் பாறை வேறு இருக்கிறது. கடல்நீர் அதில் தாராளமாகப் புகுந்து வெளியேறுவதால், கணக்குச் சொல்கிற ஆழம் அப்படியே கிடைப்பதில்லை.

பெங்களூர்க்காரர்களின் பழக்கம் தீவில் எடுபடாது. இங்கே நமக்குப் பாறை வெடிப்பில்தான் தண்ணீர். வற்றினால் இன்னும் ஆழமாகப் போர் போடுகிறோம், 1,000 அடிகூட. தீவில் ஆழம் போனால் உப்புதான். பம்பு வைத்து வேகமாக இறைத்தாலும் ஆபத்து. அதே 40 மடங்குக் கணக்கு இப்போது நமக்கு எதிராகத் திரும்பும்: நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு நீர் 4 மீட்டர்வரை மேலேறலாம். வாளியால் இறைத்த காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. செப்டிக் டேங்க் இன்னொரு தொல்லை. நீர்மட்டம் இவ்வளவு மேலே இருக்கும்போது கழிவு கிணற்றுக்குப் போய்ச்சேர அதிக நாள் ஆகாது.

அதனால்தான் கூட்டம் பெருகிய தீவுகள் கடல்நீரைக் குடிநீராக்கத் தொடங்கின. மாலத்தீவின் தலைநகர் மாலே முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது. 2014 டிசம்பரில் அங்கே ஆலை தீப்பிடித்தபோது இந்தியா விமானத்தில் தண்ணீர் அனுப்பியது. லட்சத்தீவின் தலைநகரான கவரத்தியில் வேறு வழி. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் அங்கே நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும் ஆலையை அமைத்தது. காற்றழுத்தம் குறைந்த தொட்டிக்குள் கடலின் மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீரை விட்டால், கொதிக்க வைக்காமலே அதில் கொஞ்சம் ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் வரும் குளிர்ந்த நீர் அந்த ஆவியை மீண்டும் தண்ணீராக்கும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். பம்புகளுக்கு மட்டும்தான் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்துக்குப் பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலைத்தான் தீவு நம்பியிருக்கிறது.