உங்கள் ஸ்லைடுகள் இணையத்தில் தனியாகப் போகின்றன

ரோட்டரி கூட்டத்தில் பேசியது, வணிகர் சங்கத்தில் ஜிஎஸ்டி வகுப்பெடுத்தது, பெற்றோர் கூட்டத்தில் குழந்தைகளின் உடற்பருமன் பற்றிச் சொன்னது: தணிக்கையாளர், மருத்துவர், பயிற்சியாளர் என்று யாருடைய மடிக்கணினியைத் திறந்தாலும் இப்படி ஒரு ஸ்லைடுக் குவியல் இருக்கும். இவர்களுடைய இணையதளங்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். வாரந்தோறும் வலைப்பூவில் எழுதியும் ஆள் வரவில்லையே என்று யாராவது அலுத்துக்கொண்டால், அந்தக் குவியலைத்தான் முதலில் கேட்டு வாங்குவேன். எழுத உட்கார்ந்தால் வராத தெளிவு, மேடைக்குத் தயாராகும்போது பலருக்கு வந்துவிடுகிறது. அந்த உழைப்பு ஒரு மாலைப் பொழுதோடு முடிந்துபோவது வீண்.

பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டிகள் வழியே தமிழ் வலைப்பூக்களுக்கு வாசகர் வந்த காலம் ஒன்று இருந்தது. இன்று கூகுள் தேடலும் வாட்ஸ்அப் குழுக்களும்தான் ஆளை அனுப்புகின்றன. இரண்டிலும் ஸ்லைடுத் தொகுப்பு நன்றாகவே ஓடும். தேடுகிறவருக்கு ஒரே பார்வையில் விஷயம் தெரிகிறது. குழுவில் அனுப்புகிறவருக்கோ கட்டுரையின் இணைப்பைவிட ஒரு பிடிஎஃப் கோப்பு கனமான பொருளாகத் தோன்றுகிறது. ஆகவே "எங்கே ஏற்றலாம்?" என்ற கேள்விக்குப் பதில் எளிது. நீங்கள் கூட இல்லாதபோது அந்தக் கோப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

எளிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். இந்தத் துறையில் பெரிய பெயர் ஸ்லைடுஷேர். 2006-ல் தொடங்கியது, டெல்லியிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் அலுவலகம் வைத்து வளர்ந்தது. 2012-ல் லிங்க்ட்இன் சுமார் 119 மில்லியன் டாலருக்கு வாங்கியது. 2020-ல் அது ஸ்கிரிப்ட் (Scribd) நிறுவனத்தின் கைக்குப் போனது. கை மாறும்போதெல்லாம் பக்கத்தின் தோற்றமும் வசதிகளும் விளம்பரங்களும் மாறும், நம்மைக் கேட்டுக்கொண்டு யாரும் மாற்றமாட்டார்கள். பிடிஎஃப் மட்டும் ஏற்கும் ஸ்பீக்கர்டெக் இருக்கிறது, மென்பொருள்காரர்களுக்கு அது பிடிக்கும். லிங்க்ட்இன்னிலேயே பிடிஎஃப் ஆவணத்தைப் பதிவாகப் போட்டால் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்கலாம். எங்கே வேண்டுமானாலும் ஏற்றுங்கள். ஆனால் மூலக் கோப்பும் அதற்கான முழுக் கட்டுரையும் உங்கள் சொந்த முகவரியில் முதலில் இருக்கட்டும். மற்ற தளங்கள் எல்லாம் வாடகை வீடு.

நெட்ஃபிளிக்ஸ் கதை இதற்கு நல்ல சான்று. 2009-ல் அதன் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், நிறுவனத்தின் பணிப் பண்பாட்டை விளக்கும் உள் ஆவணம் ஒன்றை ஸ்லைடுஷேரில் ஏற்றினார். நூற்றிருபதுக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள். அலங்காரம் என்று சொல்ல எதுவும் இல்லை, வெள்ளைப் பின்னணியில் வாக்கியங்கள். பல லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள், வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் அதைப் படித்துவிட்டு வந்தார்கள். அழகான படங்களால் நடந்ததில்லை அது. பேச்சாளர் இல்லாமலே படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது, மற்ற நிறுவனங்கள் வெளியே சொல்லத் தயங்கியதைச் சொன்னது. அதே நிறுவனம் 2017-ல் அந்த விஷயத்தைத் திருத்தி, தன் சொந்த வேலைவாய்ப்புத் தளத்தில் சாதாரண உரைநடையாக வெளியிட்டது. ஸ்லைடு கூட்டத்தைச் சேர்த்தது, கடைசியில் எழுத்து சொந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மேடைக்குச் செய்த தொகுப்பை அப்படியே ஏற்றினால் பயன் குறைவு. மேடையில் "மூன்று காரணங்கள்" என்று எழுதிவிட்டு வாயால் விளக்கலாம். வீட்டில் படிக்கிறவருக்கு அந்த ஸ்லைடில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பும் ஒரு முழு வாக்கியமாக இருக்கட்டும். ஜிஎஸ்டி தொகுப்பில் "பதிவு வரம்பு" என்று போடாதீர்கள், "ஆண்டு விற்பனை இத்தனையைத் தாண்டினால் பதிவு கட்டாயம்" என்று போடுங்கள். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே விஷயம் விளங்க வேண்டும்.

எழுத்தின் அளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பவர்பாயிண்ட் இயல்பாகத் தரும் அகல ஸ்லைடு 13.33 அங்குலம், கிட்டத்தட்ட 34 சென்டிமீட்டர். நேராகப் பிடித்த போனின் திரை சுமார் 7 சென்டிமீட்டர் அகலம். ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மேடைக்குப் போதுமான 30 பாயிண்ட் எழுத்து போனில் 6 பாயிண்ட் ஆகிவிடுகிறது. சுழியும் கொம்பும் நிறைந்த தமிழ் எழுத்தை அந்த அளவில் யார் படிப்பார்கள்? இணையத்துக்கென்று ஒரு நகல் எடுத்து, பக்கத்தை 7.5 அங்குல அகலத்தில் செங்குத்தாக அமைத்தால் அதே 30 பாயிண்ட் எழுத்து 11 பாயிண்ட் அளவில் நிற்கும். கடைசி ஸ்லைடில் பெரிதாகக் க்யூஆர் குறியீடு போடுகிற வழக்கத்தையும் அந்த நகலில் விட்டுவிடலாம். அரங்கில் அது வேலை செய்யும். போனில் படிக்கிறவர் அதே போனின் திரையை எதைக் கொண்டு ஸ்கேன் செய்வார்?

முகவரியை எங்கே வைப்பது? கடைசி ஸ்லைடு வரை வருகிறவர்கள் குறைவு. ஸ்லைடுஷேரில் முதல் மூன்று ஸ்லைடுகளில் உள்ள இணைப்புகளைச் சொடுக்க முடியாது என்பது நெடுநாளைய கட்டுப்பாடு. ஆகவே நான்காவது ஸ்லைடிலிருந்து, வாசகருக்குக் கேள்வி எழும் இடத்தில் வையுங்கள். தொகுப்பிலிருந்து ஒரே ஒரு ஸ்லைடைப் படமாக எடுத்துக் குழுவில் போடுவதும் நடக்கும். படத்தில் இணைப்பு வேலை செய்யாது. ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் கையால் தட்டச்சு செய்யக்கூடிய குறுகிய முகவரி எழுத்தாக இருக்க வேண்டும் என்பது அதற்காகத்தான். இன்னொன்று: "மீதியைப் படிக்க எங்கள் தளத்துக்கு வாருங்கள்" என்று பாதியில் நிறுத்துகிற உத்தி எனக்குப் பிடிக்காது. எடுத்துக்கொண்ட கேள்விக்குத் தொகுப்பிலேயே முழுப் பதில் சொல்லிவிடுங்கள். விண்ணப்ப மாதிரி, கணக்கிடும் அட்டவணை, விதிவிலக்குகள் ஆகியவை தளத்தில் இருக்கட்டும். பாதிப் பதில் கிடைத்தவர் எரிச்சலோடு வருவார், முழுப் பதில் கிடைத்தவர் நம்பிக்கையோடு வருவார்.

இனித் தமிழில் ஸ்லைடு செய்கிறவர்களின் தனித் தலைவலி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் செய்த கோப்புகள் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இன்றும் ஏராளம். கண்ணுக்குத் தமிழ் தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான், எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறது. ஸ்லைடு தளங்கள் கோப்பிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்துப் பக்கத்தின் அடியில் போடும்போது அந்தக் குப்பைதான் வெளியே வரும். கூகுள் படிப்பதும் அதையே. "சர்க்கரை நோய்" என்று தேடுகிறவருக்கு உங்கள் தொகுப்பு கிடைக்கவே கிடைக்காது.

சரி, எல்லாக் கருவிகளும் தமிழைத் தமிழாகவே படிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடில்தான் செய்தேன் என்பவர்களுக்கும் முழு விடுதலை இல்லை. பிடிஎஃப் என்பது அடிப்படையில் எழுத்து வடிவங்களைப் பக்கத்தில் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு. "கொள்முதல்" என்ற சொல்லில் நாம் தட்டச்சு செய்யும் வரிசை வேறு, கண்ணுக்குத் தெரியும் வரிசை வேறு. கொம்பு முதலில், பிறகு ககரம், பிறகு கால். சில மென்பொருள்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்துவிடுகின்றன. அப்போது வெளியே எடுத்தால் "ெகாள்முதல்" என்று வரும். மனிதக் கண் சமாளித்துக்கொள்ளும், தேடுபொறி இதை வேறு சொல்லாகவே எண்ணும். சோதிப்பது சுலபம். பிடிஎஃப்பைத் திறந்து, கொம்பு உள்ள நாலைந்து சொற்களை நகலெடுத்து ஒரு வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். சிதைந்து வந்தால் வேறு மென்பொருளில் ஏற்றுமதி செய்து பார்க்கலாம். அதுவும் எப்போதும் கைகொடுக்காது. நிச்சயமான வழி, ஏற்றும் தளத்தின் விவரக் குறிப்பில் விஷயத்தைச் சுத்தமான யூனிகோடில் விரிவாக எழுதுவது, உங்கள் தளத்தில் ஸ்லைடுகளுக்குக் கீழே முழு உரையையும் தருவது. தமிழில் தேடி வருகிற வாசகர் பெரும்பாலும் இந்த உரையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார். வெறும் ஸ்லைடுப் பெட்டியை மட்டும் பதித்துவிட்டு "புதிய பதிவு" என்று அறிவிக்கும் வலைப்பூக்களுக்கு ஏன் ஆள் வருவதில்லை என்பதும் இதில் விளங்கும்.

வாசகரை வரவழைப்பது ஒரு பக்கம். போகக்கூடாதது வெளியே போவது இன்னொரு பக்கம். என் வேலையில் அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

மருத்துவர் ஒருவர் ஸ்கேன் படத்தை ஸ்லைடில் ஒட்டுகிறார். மேல் ஓரத்தில் நோயாளியின் பெயர், வயது, மருத்துவமனை எண். அதை வெட்டி மறைத்துவிட்டுத் தொகுப்பைப் பவர்பாயிண்ட் கோப்பாகவே இணையத்தில் ஏற்றுகிறார். வெட்டிய பகுதி எங்கும் போகவில்லை. கோப்பை இறக்கிக்கொண்டவர் படத்தைப் பழைய நிலைக்கு மீட்டால் பெயரோடு முழுப்படம் வந்துவிடும். நோயாளியின் அடையாளம் தெரியும்படி அனுமதியின்றிப் படத்தையோ நோய் விவரத்தையோ வெளியிடக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகளின் 7.17-ஆம் பிரிவு சொல்கிறது. "நான் வெட்டிவிட்டேனே" என்ற பதில் நோயாளிக்கு ஆறுதல் தராது.

தணிக்கையாளருக்கு வரும் ஆபத்து எக்செல் வழியே. வரைபடத்தை எக்செலிலிருந்து ஒட்டும்போது பணிப்புத்தகத்தையும் சேர்த்து உட்பொதித்தால், அந்த ஒரு வரைபடத்தோடு எல்லாத் தாள்களும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வாடிக்கையாளரின் சம்பளப் பட்டியல் உட்பட. இவை போக, மறைத்து வைத்த ஸ்லைடுகள், பேச்சாளர் குறிப்புகள். "இங்கே அந்த ஜவுளிக் கடைக்காரர் வழக்கைச் சொல்லவும்" என்பது போன்ற குறிப்புகள் அதில் இருக்கும். கூகுள் ஸ்லைட்ஸின் பகிர்வு இணைப்பைக் கொடுத்தால், பார்க்க மட்டும் அனுமதி பெற்றவரும் அந்தக் குறிப்புகளைப் படிக்கலாம். பெயரின்மேல் கறுப்புக் கட்டம் வைத்து மறைப்பதும் ஏமாற்று வேலைதான். பிடிஎஃப் ஆக்கிய பிறகும் கட்டத்துக்கு அடியிலுள்ள எழுத்தை நகலெடுக்க முடியும்.

செய்ய வேண்டியது இதுதான். படத்தை ஸ்லைடில் வைப்பதற்கு முன்பே வேறு மென்பொருளில் வெட்டிப் புதிய படமாகச் சேமியுங்கள். வரைபடத்தைப் படமாக ஒட்டுங்கள். பவர்பாயிண்டில் ஃபைல் பட்டியலின் தகவல் பக்கத்தில் ஆவணத்தைப் பரிசோதிக்கும் வசதி இருக்கிறது, நகலின்மேல் அதை ஓட்டிக் குறிப்புகளையும் தனிப்பட்ட தகவல்களையும் நீக்குங்கள். பிறகு பிடிஎஃப். மூலக் கோப்பைக் கேட்டு வருகிறவர்களுக்கு "இல்லை" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

பழைய தொகுப்புகள் சாகாமல் சுற்றுவதும் ஒரு தொல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டன. பெரும்பாலான பொருட்களுக்கு 12, 28 விழுக்காடு அடுக்குகள் போய், 5, 18 என்ற இரண்டே முக்கிய விகிதங்கள் நின்றன. அதற்கு முந்தைய விகிதப் பட்டியலோடு எத்தனையோ ஸ்லைடுகள் இன்னும் குழுக்களில் உலவுகின்றன, செய்தவரின் பெயரோடு. வாட்ஸ்அப்பில் போனதைத் திரும்பப் பெற முடியாது. ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் "இந்தத் தேதி நிலவரப்படி" என்று ஒரு வரி, அருகில் புதுப்பிக்கப்படும் பக்கத்தின் முகவரி. இது உங்கள் பெயரைக் காக்கிறது. கூடவே, விகிதம் மாறியிருக்குமோ என்று சந்தேகப்படும் வாசகரைத் தளத்துக்குக் கொண்டுவந்தும் விடுகிறது. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான அழைப்பு வேறில்லை.

தொழில் நெறி பற்றி ஒரு சொல். வழக்கறிஞர்கள் வழக்குத் தேடி விளம்பரம் செய்வதை இந்திய பார் கவுன்சிலின் 36-ஆவது விதி தடுக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இணையவழி விளம்பரங்களுக்கு எதிராகக் கடுமையாகவே தீர்ப்பளித்தது. பட்டயக் கணக்காளர்களுக்கும் மருத்துவர்களுக்கும் அவரவர் விதிகள் உண்டு. விஷயத்தை விளக்கலாம். "முதல் ஆலோசனை இலவசம்" என்ற கடைசி ஸ்லைடுதான் வம்பு. கட்டுரையின் முகவரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் ஸ்லைடு வழியாக வந்தார்கள் என்று அறிய யுடிஎம் குறிகளை இணைப்பில் சேர்க்க வேண்டும். ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதைத் தளத்துக்குச் சொல்ல, முகவரியின் வாலில் ஒட்டும் சிறு சொற்கள் அவை. பிடிஎஃப்பைக் கணினியில் திறந்து சொடுக்குகிறவர் எங்கிருந்து வருகிறார் என்பது தளத்துக்குத் தெரியாது, நேரடி வருகைக் கணக்கில் போய்விடும். குறி இருந்தால் எந்தத் தொகுப்பு, எந்த ஸ்லைடு என்பதுவரை பிரித்துப் பார்க்கலாம். ஸ்லைடு தளங்கள் காட்டும் பார்வை எண்ணிக்கையை நான் பொருட்படுத்துவதில்லை, அதில் ஸ்லைடைத் திறந்த உடனே மூடியவரும் சேர்த்தி. வந்தவர் கட்டுரையில் எவ்வளவு நேரம் இருந்தார், எந்தப் படிவத்தை இறக்கிக்கொண்டார், என்ன சந்தேகம் எழுதி அனுப்பினார் என்பவற்றைத்தான் மாதக் கடைசியில் வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பார்ப்பேன். அடுத்த தொகுப்புக்கான தலைப்பு பெரும்பாலும் அந்தச் சந்தேகங்களில் கிடைத்துவிடும்.