தாளம் காக்கும் பொட்டாசியம் வாயில்கள்

கண்களை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். விரல் தடுமாறாமல் போய்ச் சேர்ந்துவிடும். சிறுமூளை பழுதானவர்களுக்கோ, மூக்கை நெருங்க நெருங்க விரல் ஆடும்; குறி தப்பும்.

சிறுமூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து வெளியேறும் செய்தி அனைத்தும் பர்கின்ஜி செல்கள் என்ற நரம்பு செல்கள் வழியாகத்தான் போகிறது. செக் விஞ்ஞானி யான் பர்கின்ஜி 1837-இல் விவரித்த செல்கள் இவை. ஒவ்வொன்றிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் வந்து இணைகின்றன. ஆனாலும் யாரும் தூண்ட வேண்டியதில்லை. வினாடிக்குப் பல பத்து முறை இவை தாமாகவே மின்துடிப்பு எழுப்புகின்றன.

சோடியம் அயனிகள் உள்ளே பாயும்போது செல்லின் மின்னழுத்தம் சட்டென்று ஏறுகிறது. அயனிகள் கடந்துபோக, செல்லின் சவ்வில் வாயில்கள் எனப்படும் புரதத் துளைகள் உண்டு. திறந்த சோடியம் வாயில்கள் உடனே பூட்டிக்கொள்கின்றன. மின்னழுத்தம் மீண்டும் இறங்கினால்தான் அந்தப் பூட்டு விலகும். இறக்கிவிடுவது, வெளியே பாயும் பொட்டாசியம். ஆக, துடிப்பை அடக்கும் அதே பொட்டாசியம்தான் அடுத்த துடிப்புக்கும் வழி செய்கிறது.

இங்கே கேவி 3.3 என்ற பொட்டாசியம் வாயிலின் நேர்த்தி என்னை வியக்க வைக்கிறது. துடிப்பு உச்சத்தை நெருங்கும்போதுதான் அது திறக்கும். மின்னழுத்தம் இறங்கியதும் நொடியும் தாமதிக்காமல் மூடிக்கொள்ளும். மூடத் தாமதித்தால் பொட்டாசியம் வெளியேறிக்கொண்டே இருக்கும், செல் அமுங்கிக் கிடக்கும், வேகம் போய்விடும். இந்த வாயிலுக்கான மரபணுவில் ஏற்படும் பிழை நடைத் தள்ளாட்டத்தை உண்டாக்குகிறது என்பது 2006-இல் தெரியவந்தது. பிழை எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து, சிலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே நோய் தொடங்குகிறது, சிலருக்கு நடுவயதில்.

வேகம் மட்டும் போதாது, சீரும் வேண்டும். ஒவ்வொரு துடிப்பின்போதும் சிறிது கால்சியம் உள்ளே வருகிறது. அதை உணர்ந்து திறப்பவை எஸ்கே எனப்படும் பொட்டாசியம் வாயில்கள். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்துவிடுவது இவற்றின் வேலை. தேனீயின் நஞ்சில் உள்ள அபாமின் இந்த வாயில்களை அடைத்துவிடும். அப்போது செல் கொத்துக் கொத்தாக, ஒழுங்கின்றித் துடிக்கிறது.

கால்சியம் வாயிலில் பிறவிக் குறையுள்ள எலிகளிலும் இதே சீர்கேட்டைக் காணலாம். கால்சியம் குறைவாக வருவதால் எஸ்கே வாயில்கள் போதுமான அளவு திறப்பதில்லை. அவற்றைத் திறக்கத் தூண்டும் மருந்தைச் சிறுமூளைக்குள் செலுத்தியபோது, தள்ளாடிய எலிகளின் அசைவு தேறியது.