“வினையூக்கிதானே” என்று குப்பையில் கொட்டாதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஒரு போன். ஆய்வகத்தில் குப்பைத்தொட்டி தீப்பிடித்துவிட்டதாம். மின்கசிவு இல்லை, யாரும் எதையும் பற்றவைக்கவில்லை, காரணமே புரியவில்லை என்றார்கள். “காலையில் ரியாக்டரைத் திறந்தீர்களா?” என்று கேட்டேன். திறந்திருக்கிறார்கள். இது எத்தனையாவது என்று எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மெழுகாக்க மூன்று வாரம் ஓட்டிய கோபால்ட் வினையூக்கி. வெளியே எடுத்தபோது மெழுகு ஒட்டிய கரிய மணிகளாக, பார்க்கப் பரம சாதுவாக இருந்திருக்கிறது. மாணவர் மெழுகைப் போக்க ஹெக்சேன் என்ற, எளிதில் தீப்பற்றும் கரைப்பானில் அலசி, வடிதாளில் ஊற்றி, பம்ப்பைப் போட்டு இழுத்திருக்கிறார். காய்ந்ததும் சோதனைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை வடிதாளோடு சுருட்டித் தொட்டியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அணைந்தது என்று நினைத்த கரியில் காற்றுப் பட்டதும் உள்ளே சிவப்பு ஓடுமே, அப்படித்தான் இதுவும் தொடங்கும். ஓரத்தில் ஒரு மணி சிவக்கும். அப்புறம் பக்கத்து மணி. தாளும் ஹெக்சேன் ஈரமும் இருந்தால் மீதியை அவை பார்த்துக்கொள்ளும். அதுவரை காற்றை அண்டவிடாமல் காத்தது அந்த மெழுகுதான். அதைத்தான் கழுவி எடுத்துவிட்டார்.

அவரைக் கேட்டால், “சார், வினையூக்கி வினையில் கலந்துகொள்ளாது, கடைசியில் மாறாமல் அப்படியே இருக்கும் என்றுதானே படித்தோம்? ஆக்சைடைப் போட்டேன், ஆக்சைடுதானே வெளியே வரும்?” என்கிறார். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்யவைத்தவர்கள் மேல் எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கலந்துகொள்ளாதா? நீங்கள் போட்ட கோபால்ட் ஆக்சைடை முதலில் ஹைட்ரஜனில் 350 டிகிரிக்கு மேல் சூடாக்கி உலோகமாக்கினீர்கள். அந்த ஆக்சைடு அன்றைக்கே போய்விட்டது. அப்புறம் கார்பன் மோனாக்சைடு வந்து உலோகப் பரப்பில் ஒட்டுகிறது. கார்பனையும் ஆக்சிஜனையும் பிரிப்பது அந்த உலோகம்தான். ஆக்சிஜன் ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராகப் போகிறது. கார்பன் ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் இன்னொரு கார்பனோடு கைகோக்கிறது. நல்ல கோபால்ட் வினையூக்கியில், வளரும் சங்கிலி ஒவ்வொரு படியிலும் இன்னும் ஒரு கார்பனைச் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு பத்துக்கு ஒன்பது அளவில் இருக்கும். அதனால்தான் இவ்வளவு மெழுகு. இத்தனையும் உலோகத்தின் மேலேயே நடக்கிறது. சமன்பாட்டின் இரண்டு பக்கமும் அதன் பெயர் வராது, அவ்வளவுதான். கணக்கில் வராததும் கலந்துகொள்ளாததும் ஒன்றா?

இரும்பு இன்னும் மோசம், அது ஆளே மாறிவிடும். ஆக்சைடாகப் போட்டால் ஓடும்போது பெரும்பகுதி இரும்பு கார்பைடாகிவிடுகிறது. கூடவே கொஞ்சம் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. நாம் ‘இரும்பு வினையூக்கி’ என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, வேலை செய்வது கார்பைடு என்பதுதான் இத்துறையில் பெரும்பாலோர் கருத்து.

காற்றுப் பட்டால் ஏன் எரிகிறது என்று விளக்கப்போவதில்லை. சில நானோமீட்டர் அளவில் உலோகத் துகள், அவ்வளவு பரப்பு, வேறென்ன செய்யும்?

வெப்பத்தையும் யாரும் மதிப்பதில்லை. 28 கிராம் கார்பன் மோனாக்சைடு வினைபுரிந்தால் சுமார் 165 கிலோஜூல் வெளிவரும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். 1920களில் ஜெர்மனியில் ஃபிஷரும் டிராப்ஷும் இந்த வழியைக் கண்ட நாளிலிருந்து, இந்தச் சூட்டை எப்படி வெளியேற்றுவது என்பதே பாதி பொறியியல்.

சரி, ரியாக்டரைத் திறக்குமுன் என்ன செய்வது? நைட்ரஜன் விட்டு நன்றாகக் கழுவுங்கள். அறை வெப்பநிலைக்கு ஆறட்டும். நைட்ரஜனில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகாத ஆக்சிஜனை மெதுவாக விட்டு, வினையூக்கியைக் காற்றுக்குப் பழக்குங்கள். கண் வெப்பமானியிலேயே இருக்கட்டும், ஏறினால் ஆக்சிஜனை நிறுத்துங்கள். இதற்குப் பொறுமை இல்லையென்றால் மெழுகோடே நைட்ரஜனில் மூடி வையுங்கள். வடிதாள், டிஷ்யூ, குப்பைத்தொட்டி மூன்றும் வேண்டவே வேண்டாம்.

தீயாவது கண்ணுக்குத் தெரியும். நிக்கல் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். 1902-இல் பிரான்சில் சபாத்தியேவும் சாந்தரன்ஸும் நிக்கலை வைத்து இதே இரண்டு வாயுக்களிலிருந்து மீத்தேன் எடுத்தார்கள். இன்றும் மீத்தேன் வேண்டுமென்றால் நிக்கல்தான். ஆனால் நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் 200 டிகிரிக்குக் கீழே சந்தித்தால் நிக்கல் கார்பனைல் உருவாகும். 43 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம் அது. கார்பன் மோனாக்சைடு காற்றில் பத்து லட்சத்தில் 1200 பங்கு இருந்தால் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். நிக்கல் கார்பனைலுக்கு அந்த அளவு 2 பங்கு. சாயங்காலம் ஹீட்டரை அணைத்துவிட்டு, “வாயு லேசாக ஓடட்டும்” என்று வீட்டுக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து சூடாக இருக்கும்போதே கார்பன் மோனாக்சைடை மூடி, நைட்ரஜனுக்கு மாற்றி, அப்புறம் ஆறவிடுங்கள்.

ஒருவேளை நிக்கல் கார்பனைலைச் சுவாசித்துவிட்டால் முதலில் தலைவலி, குமட்டல் வரும். பிறகு சரியாகிவிட்டதுபோல இருக்கும். மூச்சுத்திணறல் பல மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரலாம். “இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்” என்று வீட்டில் படுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நிக்கல் கார்பனைல் என்று பெயரைச் சொல்லுங்கள்.

கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் சட்டையில் இருக்க வேண்டும், மேசை அறைக்குள் அல்ல. தூசி முகமூடி இந்த வாயுவை ஒன்றும் செய்யாது. இன்னொன்று: எஃகு சிலிண்டரில் நாள்பட்ட கார்பன் மோனாக்சைடு இரும்பு கார்பனைலையும் கூட்டிக்கொண்டு வரும். ரியாக்டருக்குள் நிரப்பிய உங்கள் கோபால்ட் மணிகளில், வாயு நுழையும் முனையில் இரும்பு படிந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

டப்பாவில் பெயர் எழுதும்போது எந்த உலோகம், என்றைக்கு ரியாக்டரிலிருந்து எடுத்தது, காற்றுக்குப் பழக்கியதா இல்லையா, மூன்றையும் எழுதுங்கள். இன்றைக்கும் ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. மேலே “கோபால்ட், பழசு” என்று மட்டும் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை.