நிக்கல் கொஞ்சம் ஆவியானால் என்ன ஆகும்?

இடுப்பு மூட்டுக் கிண்ணம், மண்டையோட்டுத் தகடு எல்லாம் இப்போது 3டி பிரிண்டரில் அச்சாகி வருகின்றன. ரத்தக்குழாய்க்குள் போய்த் தானாக விரிகிற ஸ்டென்ட்டை மட்டும் ஏன் இன்னும் மெல்லிய குழாயிலிருந்து லேசரால் வெட்டி எடுக்கிறார்கள் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

தானாக விரியும் ஸ்டென்ட்டுகள் பெரும்பாலும் நிட்டினால் என்ற கலவையில் ஆனவை. நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறைய சரிபாதி. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் ஏவுகணை மூக்குக்கு வெப்பம் தாங்கும் உலோகம் தேடியபோது அகப்பட்டது இது. 1961-ல் ஒரு கூட்டத்தில், மடித்து மடித்துச் சுருக்கிய நிட்டினால் பட்டை ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. ஒருவர் தன் லைட்டரைப் பற்றவைத்துச் சூடு காட்டினார். பட்டை மடிப்பெல்லாம் அவிழ்ந்து நீண்டுவிட்டது.

சாதாரணக் கம்பியை அழுத்தி வளைத்தால் உள்ளே அணுக்கள் பக்கத்து அணுவை விட்டு நழுவி, வேறு அணுவோடு ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் பழைய இடம் எதுவென்று தெரிய வழியில்லை. நிட்டினால் அப்படி இல்லை. கடை வாசலில் இழுத்து மூடும் இரும்பு மடக்குக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு இழுத்தாலும் ஓர் ஆணிகூடக் கழலாது, பட்டைகளின் சாய்வு மட்டும் மாறும். குளிர்ந்த நிட்டினாலில் அணுக்கட்டங்கள் சாய்ந்து நிற்கின்றன. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயலாம் என்பதால் உலோகம் இளகி வளைந்து கொடுக்கிறது. சூடேறினால் எல்லாக் கட்டமும் கனசதுரமாக நிமிர்ந்தாக வேண்டும். நிமிர ஒரே ஒரு வழிதான். பழைய வடிவம் திரும்புவது அதனால்தான்.

நிமிர்கிற வெப்பநிலை உடல் சூடான 37 டிகிரிக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அதை முடிவு செய்வது நிக்கலின் அளவு. நூற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 சதவீத நிக்கல் குறைந்தாலே அந்த வெப்பநிலை சுமார் 10 டிகிரி ஏறிவிடும்.

சரி, இப்போது பிரிண்டருக்கு வருவோம். ஆர்கான் வாயு நிரம்பிய பெட்டிக்குள் உலோகப் பொடியை மெல்லிசாகப் பரப்பி, வேண்டிய இடத்தை லேசரால் உருக்கி, மேலே அடுத்த அடுக்கு. நிட்டினால் 1310 டிகிரியில் உருகும். லேசர் விழும் புள்ளியோ அதைவிட மிக அதிகமாகக் கொதிக்கும். அங்கே டைட்டானியத்துக்கு முன்பே நிக்கல் ஆவியாகிப் பறக்கிறது. 25 டிகிரியில் நிமிரட்டும் என்று வாங்கிய பொடி 0.2 சதவீத நிக்கலை இழந்தால், அச்சான பொருள் 45 டிகிரியில்தான் நிமிரும். உடம்புக்குள் வைத்தால் துவண்டு கிடக்கும்.

என்னைக் கவர்ந்தது இதற்கு அடுத்த கட்டம்தான். லேசரை மெதுவாக ஓட்டினால் நிக்கல் அதிகம் போகும், வேகமாக ஓட்டினால் குறைவாகப் போகும். அப்படியானால் ஒரே பொடியிலிருந்து, ஒரே பொருளின் ஒரு முனை உடல் சூட்டில் விறைப்பாகவும் மறுமுனை இளக்கமாகவும் அச்சடிக்கலாமே! ஆய்வகங்களில் செய்தும் காட்டிவிட்டார்கள். உருவத்தோடு குணத்தையும் லேசரே எழுதுகிறது. வார்ப்பிலோ கடைசலிலோ இது நடக்காது.

ஆனால் ஸ்டென்ட்டுக்கு இது போதாது. இதயம் 10 ஆண்டில் சுமார் 40 கோடி முறை துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் ஸ்டென்ட்டின் முடி போன்ற கம்பிகள் அசையும். அச்சடித்த பரப்பில் பாதி உருகிய பொடித் துகள்கள் ஒட்டியிருக்கும், உள்ளே நுண்துளைகள் இருக்கும். விரிசல் தொடங்க அதில் ஒன்று போதும்.

நம் நாட்டிலும் இந்த உலோகத்தில் கைதேர்ந்தவர்கள் உண்டு. இதயச் சுவரின் ஓட்டையை அடைக்கும் நிட்டினால் கருவியைத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் உருவாக்கியபோது, கூட்டுச் சேர்ந்தது பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகம். விமான ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு, ஆஸ்பத்திரி கட்டலாமே என்பவர்களிடம் நான் முதலில் சொல்லும் உதாரணம் இது.

அச்சடித்த நிட்டினால் முதலில் எலும்புக்குத்தான் வரும் என்று நினைக்கிறேன். வழக்கமான டைட்டானியக் கலவை எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பு. பாரத்தை அதுவே சுமந்துகொள்வதால் பக்கத்து எலும்பு வேலையின்றித் தேய்கிறது. நிட்டினாலை வலைப்பின்னலாக அச்சடித்தால் விறைப்பு எலும்புக்கு அருகே இறங்கும், துளைகளுக்குள் எலும்பும் வளரும். நிக்கல் கசியாமல் காப்பது மேலே படியும் டைட்டானியம் ஆக்சைடு படலம். அது சீராகப் படிய வலையின் உள்ளறை ஒவ்வொன்றையும் வழவழப்பாக்க வேண்டும். மின்முறை மெருகு வெளிப்புறத்தைப் பளபளப்பாக்குகிற அளவுக்கு உள்ளே எட்டுவதில்லை என்பதால், அமிலக் கரைசலை உள்ளே ஓடவிட்டுத் துகள்களைக் கரைத்துப் பார்க்கிறார்கள்.