பார்த்ததும் தெரிந்ததும்: ‘ஒய்தா’ என்னும் கிரேக்க வினை

பண்டைக் கிரேக்கம் கற்போரைத் தொடக்கத்திலேயே திகைக்க வைக்கும் வினைகளில் ‘ஒய்தா’ ஒன்று. ‘எனக்குத் தெரியும்’ என்பது இதன் பொருள். ஆனால் வடிவத்தை நோக்கினால் இது நிகழ்கால வினையே அன்று. ஒரு செயல் முடிந்து அதன் விளைவு இப்போதும் நிலைத்திருப்பதைக் காட்டும் முற்றுநிலை வடிவம் இது. தமிழில் ‘வந்திருக்கிறேன்’ என்பது ஏறத்தாழ அத்தகையது. ‘பார்த்தல்’ என்று பொருள்படும் பழைய இந்தோ-ஐரோப்பிய (கிரேக்கம், சமஸ்கிருதம், ஜெர்மன் ஆகியவற்றின் பொது மூதாதை மொழி) வேரிலிருந்து பிறந்ததால், இதன் மூலப்பொருள் ‘பார்த்திருக்கிறேன்’ என்பதாகும். பார்த்தவனுக்குத் தெரியும் என்ற வழியில் பொருள் நகர்ந்திருக்கிறது.

வழக்கமான கிரேக்க முற்றுநிலை வினை தன் முதல் மெய்யை இரட்டித்துக்கொள்ளும்: ‘கிராஃபோ’ (எழுதுகிறேன்) ‘கெகிராஃபா’ (எழுதியிருக்கிறேன்) ஆகும். ஒய்தாவில் அந்த இரட்டிப்பு இல்லை. போதாக்குறைக்கு, ஒருமையில் ஒய்தா, ஒய்ஸ்தா, ஒய்தே என வரும் அடி, பன்மையில் இஸ்மென், இஸ்தே, இஸாசி எனக் குறுகிவிடுகிறது. மாணவர்கள் இதை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்கிறார்கள். உண்மையில் இது கிரேக்கத்தைவிடப் பழைய விதி. சமஸ்கிருதத்தில் ‘அறிவேன்’ என்பது ‘வேத’, ‘அறிவோம்’ என்பது ‘வித்ம’. அங்கும் இரட்டிப்பு இல்லை, அங்கும் பன்மையில் உயிர் குறுகுகிறது. இன்றைய ஜெர்மனிலும் ‘வைஸ்’, ‘விஸ்ஸன்’ என அதே மாற்றத்தைக் கேட்கலாம். நாம் வழங்கும் ‘வித்துவான்’ இவ்வேரின் சமஸ்கிருத வினையாலணையும் பெயர் வழியே தமிழுக்கு வந்தது. அதற்கு நேரான கிரேக்க வடிவம் ‘எய்தோஸ்’, அதாவது அறிந்தவன்.

மற்ற மொழிகளில் முன்னிற்கும் வகர ஒலி கிரேக்கத்தில் மறைந்துவிட்டது. ஆயினும் கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த, மிகப் பழைய கிரேக்க எழுத்துமுறையான லீனியர் பி-யில் எழுதிய களிமண் பலகை ஒன்றில் ‘பார்த்தான்’ என்னும் சொல் ‘விதே’ என்று வகரத்துடனேயே எழுதப்பட்டுள்ளது.

கிரேக்கர்களுக்கு அறிதல் என்றால் பார்த்தலே என்று சிலர் இவ்வினையைச் சான்றாக்கிப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சமஸ்கிருதத்திலும் ஜெர்மானிய மொழிகளிலும் இதே வடிவம் ‘அறிதல்’ என்றே பொருள்படுவதால், அப்பொருள் மாற்றம் இம்மொழிகள் பிரியும் முன்பே, அதாவது கிரேக்கம் தனிமொழியாகும் முன்பே நிகழ்ந்திருக்க வேண்டும். பண்டைக் கிரேக்க நாடக ஆசிரியர் சோஃபக்ளீஸின் நாடகத்தில், கண்பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸிடம் வாதிடும் மன்னன் ஓய்திபூஸ் தன்னை ‘ஒன்றும் அறியாத ஓய்திபூஸ்’ என்று எள்ளலாகக் கூறிக்கொள்கிறான். அங்கே ‘எய்தோஸ்’ என்ற சொல் அவன் பெயரின் முதற்பகுதியோடு ஒலியில் மோதுகிறது. பார்வையுள்ளவனுக்குத் தெரியாதது பார்வையற்றவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பதே அக்காட்சியின் கூர்மை.

தொடரமைப்பில் இவ்வினை நுட்பமானது. ‘செய்ய’ என்பது போன்ற எச்சத்தோடு சேர்ந்தால் ‘செய்யத் தெரியும்’ என்று திறமையைக் குறிக்கும்; வினையாலணையும் பெயரோடு சேர்ந்தால் ‘இன்னது உண்மை என்று தெரியும்’ என்று செய்தியைக் குறிக்கும். நீதிமன்றத்தில் சாக்ரட்டீஸ் பேசுவதாக அமைந்த பிளேட்டோவின் ‘அப்பாலஜி’யில் அவர், தனக்குத் தெரியாதவற்றைத் தெரியும் என்று தான் எண்ணுவதுமில்லை என்கிறார், ‘எனக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும் தெரியும்’ என்று பரவலாக மேற்கோள் காட்டப்படும் வாக்கியம் அந்த வடிவில் பிளேட்டோவிடம் இல்லை. ஏவல் வடிவமான ‘இஸ்தி’ மற்றொரு வேடிக்கை: ‘அறிந்துகொள்’ என்பதற்கும் ‘இரு’ என்பதற்கும் கிரேக்கத்தில் அதே வடிவம்தான், இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும்.

பிற்காலப் பேச்சு வழக்கு இந்தப் பழைய மேடுபள்ளங்களைச் சமன்செய்தது. புதிய ஏற்பாட்டில் ‘இஸ்மென்’ இருந்த இடத்தில் ஒருமை அடியைக்கொண்டே அமைத்த ‘ஒய்தமென்’ வருகிறது. பின்னர் ‘கண்டுபிடித்தேன்’ என்ற பொருளுடைய வேறொரு வினையிலிருந்து பிறந்த ‘க்ஸேரோ’ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்றைய கிரேக்கர்கள் ‘ஆண்டவனுக்கே வெளிச்சம்’ என்ற பொருளில் கூறும் ‘கீரியோஸ் ஈதே’ என்னும் தொடரில் பழைய ‘ஒய்தே’ ஒலி மாறித் தங்கியிருக்கிறது.