செரித்தல்: சொல்லும் செயலும்

உண்ட உணவு உடலோடு ஒன்றும் வரை உள்ளே நடப்பவற்றைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'செரிமான மண்டலம்' என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'சமிபாட்டுத் தொகுதி' என்கின்றன. பேச்சில் 'செமிக்கவில்லை' என்றும் 'செரிக்கவில்லை' என்றும் சொல்கிறோம். மருந்துக் குப்பியின் மேல் 'ஜீரணம்' என்றோ 'சீரணம்' என்றோ அச்சிட்டிருக்கிறது. இவற்றுள் எது பொருத்தம் என்பதை விருப்பு வெறுப்பால் முடிவு செய்வதைவிட, ஒவ்வொரு சொல்லும் எதைச் சொல்கிறது, வயிற்றுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நேர்மையான வழி.

'ஜீரணம்' வடமொழியின் 'ஜீர்ண' என்னும் சொல்லிலிருந்து வந்தது. முதுமையடைதல், தேய்தல், நைந்துபோதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த எச்சச்சொல் அது. மூப்பைக் குறிக்கும் 'ஜரா' அதன் உடன்பிறப்பு. பழுதுபட்ட கோயிலைப் புதுப்பிக்கும் பணிக்கு 'ஜீர்ணோத்தாரணம்' என்று பெயர் வந்ததும் இதே வழியில்தான். சிதைந்ததை மீட்டெடுத்தல் என்பது அதன் பொருள். ஆக, 'ஜீர்ணம்' என்றால் நைந்து சிதைந்தது. உணவைப் பற்றிச் சொல்லும்போது, வயிற்றில் கிடந்து நைந்துபோனது. கிரந்த எழுத்தை விலக்கிச் 'சீரணம்' என்று எழுதும்போது, 'சீர்' என்னும் தமிழ்ச்சொல்லோடு தொடர்புபடுத்தி, உடலைச் சீராக்குவதால் சீரணம் என்று விளக்கம் சொல்வோர் உண்டு. அது ஒலியொப்புமையால் எழுந்த மயக்கமே. சொல்லின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

பிற மொழிகளும் இந்தச் செயலுக்குத் தத்தம் ஊகத்தின்படியே பெயரிட்டன. கிரேக்க மொழியில் 'பெப்சிஸ்' என்றால் சமைத்தல், செரித்தல் என இரண்டும் பொருள். வயிறு ஓர் அடுப்பு என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஆங்கிலம் வழியாக நாம் கேட்கும் 'டைஜெஷன்', பிரித்துக் கொண்டுசெல்லுதல், வகைப்படுத்தி வைத்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது.

தமிழின் பழைய சொல் 'அறுதல்'. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், 'அருந்தியது அற்றது போற்றி உணின்' (942) என்றும், 'அற்றால் அளவறிந்து உண்க' (943) என்றும் பேசுகிறது. முன்பு உண்டது 'அற்றது' என்றால், அது செரித்து முடிந்தது என்று பொருள். அதே அதிகாரத்தில் 'தீயளவு அன்றித் தெரியான் பெரிதுண்ணின்' (947) என்று வரும்போது, அந்தத் 'தீ' வயிற்றில் இருப்பதாகக் கருதப்பட்ட பசித்தீ. ஆக, சமைக்கும் நெருப்பு என்ற எண்ணம் இங்கும் இருந்திருக்கிறது.

நைதல், வேதல், அரைபடுதல், அழுகுதல் என்று பல ஊகங்கள் நூற்றாண்டுக் கணக்கில் நிலவின. அவற்றைச் சோதித்துப் பார்த்தவர்களின் கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் அறிவியலாளர் ரெயோமூர், இறைச்சியைச் சிறு உலோகக் குழாய்களுக்குள் வைத்துப் பருந்து ஒன்றை விழுங்கச் செய்தார். செரிக்காததை வெளியே கக்கிவிடும் இயல்பு பருந்துக்கு உண்டு. உலோகச் சுவர் காத்ததால் இறைச்சி அரைபட வழியில்லை. ஆயினும் வெளிவந்த குழாயில் அது கரைந்து குறைந்திருந்தது, அழுகல் நாற்றமும் இல்லை. பின்னர் இத்தாலியின் ஸ்பல்லன்சானி, உணவைத் துணிப்பைகளில் இட்டுத் தாமே விழுங்கி ஆராய்ந்தார். 1824இல் வில்லியம் பிரவுட், இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று காட்டினார்.

இவற்றையெல்லாம் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு வில்லியம் பியூமாண்ட் என்னும் அமெரிக்கப் படை மருத்துவருக்கு வந்தது. 1822இல் குண்டடிபட்டு அவரிடம் மருத்துவம் பெற்ற அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வயிற்றில் ஏற்பட்ட துளை மூடவேயில்லை. 1825இல் பியூமாண்ட், இறைச்சித் துண்டுகள், ரொட்டி, முட்டைக்கோசு ஆகியவற்றைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியே இரைப்பைக்குள் இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து நூலை இழுத்துப் பார்த்தபோது முட்டைக்கோசும் ரொட்டியும் பாதியளவு கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து, உடல்வெப்பத்தில் வைத்து, அதில் இறைச்சியை இட்டபோது, உடலுக்கு வெளியேயும் அது கரைந்தது. செரித்தல் ஒரு வேதிவினை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அன்று இல்லை. 1833இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். அதற்கு மூன்றாண்டுகள் கழித்து இரைப்பை நீரில் புரதத்தை உடைக்கும் பொருளைத் தியோடர் ஷ்வான் கண்டறிந்து, மேலே சொன்ன அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்தே 'பெப்சின்' என்று பெயரிட்டார்.

இன்று நமக்குத் தெரிந்தவரை, செரித்தல் என்பது நைதலும் அன்று, வேதலும் அன்று, அது வெட்டுதல். மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவை நீண்டோ பருத்தோ இருக்கும் பெரிய மூலக்கூறுகள். அவற்றின் பிணைப்புகளில் ஒரு நீர் மூலக்கூறைப் புகுத்தி அறுப்பதற்கு 'நீராற்பகுப்பு' என்று பெயர். அந்த வேலையை விரைவுபடுத்துபவை நொதிகள். அறுதல் என்ற பழஞ்சொல்லுக்கு முடிந்துபோதல் என்பதே வள்ளுவர் கொண்ட பொருள் என்றாலும், துண்டுபடுதல் என்ற அதன் மற்றொரு பொருள் வேதியியலோடு இத்தனை நெருங்கி வருவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

இந்த வெட்டு வாயிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு ரொட்டித் துண்டை விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் மெல்ல இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி, மாவுப்பொருளின் சங்கிலியை அறுத்து மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக்குவதை நாக்கு அறிந்துகொள்ளும் தருணம் அது. இரைப்பையில் அமிலம் புரதத்தின் மடிப்புகளை அவிழ்க்கிறது, பெப்சின் அதைத் துண்டாக்குகிறது. ஆயினும் இரைப்பையே முழுச் செரிமானத்தையும் செய்கிறது என்று எண்ணுவது தவறு. பெரும்பகுதி வேலை சிறுகுடலில்தான் நடக்கிறது. கணையத்தின் காரநீர் அமிலத்தைத் தணிக்க, அதில் உள்ள டிரிப்சின் புரதத்தையும், லைப்பேஸ் கொழுப்பையும், மற்றோர் அமைலேஸ் மீந்த மாவுப்பொருளையும் உடைக்கின்றன. பித்தநீரில் செரிமான நொதி ஏதும் இல்லை. கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரித்து லைப்பேஸ் எட்டும்படி செய்வதே அதன் பணி.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு நடந்த பின்னும் உணவு இன்னும் உடலுக்குள் போகவில்லை. வாயிலிருந்து மலவாய் வரை செல்லும் உணவுப்பாதை, உடலின் நடுவே ஓடும் ஒரு குழாய்; அதனுள் கிடப்பது குடற்சுவரைக் கடக்கும் வரை உடலுக்குப் புறம்பானதே. சுவரைக் கடக்கும் அந்தச் செயலுக்குத் தனிச்சொல் தேவை. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் 'உட்கிரகித்தல்' என்பதில் முன்பாதி தமிழ், பின்பாதி பற்றுதல் என்னும் பொருளுடைய வடசொல். இலங்கை வழக்கின் 'அகத்துறிஞ்சல்' முழுவதும் தமிழ். உள்ளே இழுக்கப்படுவதைப் பிசகின்றிச் சொல்கிறது. 'உறிஞ்சுதல்' என்று சுருக்கியும் எழுதலாம்.

சிறுகுடலின் உட்சுவரில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் விரல் போன்ற நீட்சிகள் அடர்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் இவற்றைக் 'குடலுறிஞ்சிகள்' என்கிறோம். இலங்கையில் 'சடைமுளைகள்' என்கிறார்கள். ஒன்று செயலால் வந்த பெயர், மற்றொன்று தோற்றத்தால் வந்த பெயர். இரண்டுமே அழகான ஆக்கங்கள். இவற்றின் மேலுள்ள செல்களில் இன்னும் நுண்ணிய நீட்சிகள் இருப்பதால், குடலின் உட்பரப்பு ஏறத்தாழ 30 சதுர மீட்டராக விரிகிறது. சர்க்கரைகளும், புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களும் குடலுறிஞ்சிக்குள் உள்ள இரத்த நுண்குழாய்களில் ஏறி நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு அவ்வாறு போவதில்லை. அது நடுவில் உள்ள நிணநீர்க் குழலுக்குள் புகுந்து, சுற்றுவழியாக இரத்தத்தை அடைகிறது. 1622இல் இத்தாலியின் காஸ்பரே அசெல்லி, உண்டு சிறிது நேரமே ஆகியிருந்த நாயை அறுத்துப் பார்த்தபோது பால்போல் வெண்மையாகத் தெரிந்த குழல்கள் இவையே. பாற்குழல் என்ற பெயர் இவற்றுக்கு நன்கு பொருந்தும்.

நீரும் இங்கேதான் பெரும்பாலும் உறிஞ்சப்படுகிறது. நாம் குடிப்பதும் உடலே சுரப்பதுமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 லிட்டர் நீர்மம் சிறுகுடலுக்குள் வருகிறது; எஞ்சியதிலிருந்து பெருங்குடல் மேலும் எடுத்துக்கொள்ள, மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே. உறிஞ்சப்பட்டவை உடலின் செல்களாகவே மாறுவது அடுத்த கட்டம். அதைத் 'தன்மயமாதல்' என்பர். 'தன்னாக்கம்' என்று சொன்னால் இன்னும் எளிது.

இனி, எந்தச் சொல்லை எழுதுவது? 'செரி' தமிழில் தன்னியல்பாக வினையாக நிற்கிறது: செரிக்கிறது, செரித்தது, செரிக்கும், செரியாது. உணவு செரிக்கிறது என்றும், குடல் உணவைச் செரிக்கிறது என்றும் இருவகையாலும் சொல்லலாம். 'ஜீரணம்' அப்படி நிற்பதில்லை. 'ஆகிறது' என்றோ 'இக்கிறது' என்றோ ஒட்டு வேண்டும். 'வருமானம்', 'பிடிமானம்' போல 'மானம்' ஈறு பெற்ற 'செரிமானம்' எல்லாருக்கும் விளங்கும் சொல். அந்த ஈற்றை விரும்பாதவர்கள் 'செரிப்பு' என்றோ 'செரித்தல்' என்றோ எழுதலாம். 'அஜீரணம்' என்பதற்குச் 'செரியாமை' முற்றிலும் நிறைவான சொல். 'செரிமானமின்மை' என்று நீட்டத் தேவையில்லை.

ஆனால் எல்லாக் குறைகளையும் 'செரியாமை' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடக் கூடாது என்பதை நான் வற்புறுத்துவேன். பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி குறைந்தவருக்குப் பால் குடித்ததும் வயிறு உப்புகிறது. வெட்டப்படாத சர்க்கரை பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு இரையாவதே காரணம். அது செரியாமை. சீலியாக் நோயிலோ, கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்துக்கு எதிராக உடலின் தற்காப்பே கிளர்ந்து குடலுறிஞ்சிகளைத் தட்டையாக்கிவிடுகிறது. அங்கே உணவு ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தாலும் அதை இழுத்துக்கொள்ளும் பரப்பு சுருங்கிப்போவதால், உண்பவர் உண்டும் மெலிகிறார். அதற்கு 'உறிஞ்சாமை' என்றே பெயர் வைக்க வேண்டும்.