டிசம்பர் ஃபார்வர்டும் ரோமாபுரி நாட்காட்டியும்

கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கத் தொடங்கி இருபது வருடமாகிறது. டிசம்பர் வந்தால் போதும், மாணவர்கள் ஏதோ ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டோடு போனை நீட்டுவார்கள். "சார், கிறிஸ்துமஸே ரோமானியர்களின் சூரியன் பண்டிகையாமே?" ஆரம்பத்தில் நானும் "ஆமாம்பா, அப்படித்தான்" என்று தலையாட்டியவன்தான். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அது எதில் எழுதியிருக்கிறது சார்?" என்று கேட்டாள். என்னிடம் பதிலில்லை. அன்று மாலை நூலகத்துக்குப் போனேன்.

எழுதியிருப்பது 354ஆம் ஆண்டு ரோமில் தயாரான ஒரு நாட்காட்டித் தொகுப்பில். டிசம்பர் 25க்கு நேரே "வெல்லப்படாதவனின் பிறந்தநாள்", முப்பது தேர்ப்பந்தயங்கள் என்று குறித்திருக்கிறார்கள். வெல்லப்படாதவன் என்றால் சூரியன். சரி, ஃபார்வர்டு சொல்வது உண்மைதானே என்று மூடிவைத்துவிடக் கூடாது. அதே தொகுப்பிலுள்ள இன்னொரு பட்டியலில், அதே தேதியில், யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்ததாகவும் இருக்கிறது. அந்தப் பட்டியல் 336வாக்கிலேயே தொகுக்கப்பட்டது. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அந்த ஏடு சொல்லவில்லை. பேரரசர் அவுரேலியன் 274இல் சூரியனுக்குக் கோயில் கட்டியது உண்மை. டிசம்பர் 25ஐ அவர்தான் விழாவாக்கினார் என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று கிடையாது.

இன்னொரு கணக்கும் உண்டு. இயேசு கருவானதும் இறந்ததும் மார்ச் 25இல்தான் என்று பழைய கிறிஸ்தவர்கள் சிலர் நம்பினார்கள். திருச்சபை அறிஞர் அகுஸ்தினார் இதை எழுதியே வைத்திருக்கிறார். அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணிப் பாருங்கள், டிசம்பர் 25 வரும்.

ரோமானியர் வணங்கிய மித்ரா என்ற தேவனும் அன்றுதான் பிறந்தார் என்பதற்குப் பழஞ்சான்று எதுவுமில்லை. ஈஸ்டர் என்ற பெயர் பாபிலோனியத் தேவி இஷ்டாரிடமிருந்து வந்தது என்பது வெறும் ஒலி ஒற்றுமை. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் இன்னமும் 'பாஸ்கா' என்கிறார்களே, அது யூதர்களின் பெசாக் பண்டிகையிலிருந்து கிரேக்கம் வழியாக வந்த சொல். மூலப் பெயர் அதுதான்.

இதையெல்லாம் சொன்னால் எதிர்த்தரப்பு நண்பர்கள் கைதட்டுவார்கள், "பார்த்தீர்களா, ஒரு சம்பந்தமுமில்லை" என்று. அதுவும் சரியில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் போப் லியோ தன் பிரசங்கத்தில் ஒரு வருத்தத்தைக் கொட்டுகிறார்: புனித பேதுரு பேராலயத்துப் படியேறி வரும் கிறிஸ்தவர்களே, உள்ளே நுழையும் முன் திரும்பி நின்று உதிக்கும் சூரியனுக்குத் தலை வணங்குகிறார்களாம். எனக்குப் பிடித்த சான்று இது. சட்டம் மாறிவிட்டது, கழுத்து இன்னும் மாறவில்லை! 601இல் போப் கிரகோரி இங்கிலாந்துக்குப் போன தன் ஆட்களுக்கு, கோயில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்துத் தேவாலயமாக்குங்கள், மாடு வெட்டி விருந்துண்ணும் வழக்கத்தைப் புனிதர் திருநாளுக்கு மாற்றிவிடுங்கள் என்று எழுதினார். ரோமின் பாந்தியன் கோயில் 609இல் தேவாலயமானது.

அப்புறம், பழைய தேவர்களை வணங்கியவர்களைச் சுட்டும் 'பேகன்' என்ற சொல்லையே கொஞ்சம் சந்தேகப்படுங்கள். லத்தீனில் அது பட்டிக்காட்டானைக் குறித்த சொல். தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டு யாரும் கோயிலுக்குப் போகவில்லை. நம் பழைய கிறிஸ்தவ நூல்களில் வரும் 'அஞ்ஞானி' போல, அதுவும் வெளியிலிருந்து ஒட்டிய பெயர்.

அடி விழுந்ததும் ஒரு பக்கம் மட்டுமல்ல. 250இல் பேரரசர் தேக்கியுஸ், கிறிஸ்தவர்கள் உட்பட எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார். எகிப்தின் பாப்பிரஸ் தாள்களில் அந்தச் சான்றிதழ்கள் இன்றும் கிடக்கின்றன. 391-92வாக்கில் அலெக்சாந்திரியாவின் செராபிஸ் கோயிலைக் கிறிஸ்தவர்கள் இடித்தார்கள். ஃபார்வர்டு அனுப்புகிறவர் தனக்கு வேண்டிய ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வார். அதனால் இப்போது போனை நீட்டும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, சான்று எந்த ஆண்டைச் சேர்ந்தது, எழுதியவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதைத்தான்.

இவ்வளவுக்கும் நடுவில் சிம்மக்குஸ் என்று, பழைய தேவர்களை வணங்கிய ஒரு ரோம செனட்டர். செனட் மண்டபத்திலிருந்து எடுத்துவிட்ட வெற்றித் தேவியின் பலிபீடத்தைத் திருப்பி வைக்கும்படி 384இல் பேரரசருக்கு மனு எழுதினார். இவ்வளவு பெரிய மறைபொருளை ஒரே பாதையில் போய் அடைந்துவிட முடியாது என்று அதில் வாதாடினார். மிலான் ஆயர் அம்புரோஸ் எதிர்த்து எழுத, பேரரசர் மறுத்துவிட்டார். அந்த மனு எதிர்த்து எழுதிய அம்புரோஸின் கடிதங்களோடும் சேர்த்து வைக்கப்பட்டு, இன்றும் நம் கைக்குக் கிடைக்கிறது. இதை மட்டும் எந்த ஃபார்வர்டிலும் நான் பார்த்ததில்லை.